கடலுக்குப் போகாத மாதங்கள்: திருகோணமலையில் ஒரு சீர்திருத்தக் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மே மாத நடுவில் தொடங்கி செப்டெம்பர் நடுப்பகுதிவரை திருகோணமலை நகரில், தண்டனை பெற்றவர்கள் மீண்டும் குற்றத்துக்குப் போகாதிருக்க நடத்திய ஒரு பயிற்சிக் குழுவின் பதிவு இது. வாரம் ஒரு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், மொத்தம் பதினாறு அமர்வுகள். சேர்ந்தவர்கள் பதினொரு ஆண்கள். வயது 19 முதல் 41 வரை. எட்டுப் பேர் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை பெற்றவர்கள். இருவருக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை. ஒருவர் குறுகிய தண்டனையை முடித்து வெளியே வந்து ஒரு மாதமானவர். அவர் மட்டுமே தானாக வந்தவர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மூவரை மட்டும் ‘அ’, ‘இ’, ‘உ’ என்று தனியே குறிப்பிடுகிறோம்.

குற்றங்கள் பெரும்பாலும் களவு, சிறிய அளவு ஐஸ் போதைப்பொருள் அல்லது ஹெரோயின் வைத்திருந்தது, குடிபோதையில் அடிதடி. ஆறு பேர் கடல் தொழில், இருவர் மேசன் வேலை, ஒருவர் ஓட்டோ, இருவருக்கு நிலையான தொழில் இல்லை. நகரின் வடக்குக் கரையோரம், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று பல இடங்களிலிருந்து வந்தார்கள். பத்துப் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட தமிழரும் முஸ்லிம்களும். ஒருவர் வீட்டில் சிங்களம் பேசுபவர், தமிழும் சரளமாகப் பேசுவார்.

நிகழ்ச்சியின் அடிப்படை, ஆண்ட்ரூஸ், பொன்டா, ஹோஜ் என்ற உளவியலாளர் மூவரும் 1990இல் வகுத்த அபாயம், தேவை, ஏற்புடைமை என்ற மூன்று கொள்கைகள். மீண்டும் குற்றம் செய்யக்கூடிய அபாயம் கூடியவருக்குக் கூடிய கவனம். குற்றத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள தேவைகளில் கைவைத்தல். அந்த ஆளுக்கு விளங்கும் விதத்தில், அவரால் ஏலும் விதத்தில் நடத்துதல். உள்ளடக்கம் அறிவாற்றல் நடத்தை முறை: நெருக்கடியில் மனதில் ஓடும் எண்ணத்தைப் பிடிப்பது, கோபத்தைக் கையாள்வது, பிரச்சினையைப் படிப்படியாகத் தீர்ப்பது, மறுத்துப் பேசப் பழகுவது, போதை ஆசையைக் கடப்பது.

பதினாறு அமர்வு என்றால் 32 மணி நேரம். கனடாவில் போகோனும் ஆம்ஸ்ட்ராங்கும் 2005இல் வெளியிட்ட சிறை ஆய்வு, நடுத்தர அபாயமுள்ளவருக்கு 100 மணி நேரமும், அபாயமும் தேவைகளும் சேர்ந்து கூடியவருக்கு 300 மணி நேரம்வரையும் வேண்டும் என்று காட்டியது. 32 போதாது என்பது தெரிந்தேதான் நிகழ்ச்சியை நடத்தியவர்கள் தொடங்கினார்கள். மண்டபமும் ஆளும் அவ்வளவுக்குத்தான் கிடைத்தன.

சேர்ப்பும் மதிப்பீடும்

ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை உட்கார்ந்து மொத்தம் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். எட்டு விடயங்கள் பார்க்கப்பட்டன: முந்திய குற்ற வரலாறு, யோசிக்காமல் பாயும் சுபாவம், குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணங்கள், கூட்டாளிகள், குடும்பம், தொழில் அல்லது படிப்பு, போதை, ஓய்வு நேரம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. வெளிநாட்டு அளவுகோல்களைத் தமிழில் பெயர்த்துவிட்டால் அவற்றின் வெட்டுப்புள்ளியும் இங்கே பொருந்திவிடும் என்று நினைப்பது தவறு. அதனால் புள்ளிகளை எதிர்வு கூறுவதற்கு எடுக்கவில்லை. கூட, நடு, குறைவு என்று பிரிக்கவும், எந்தத் தேவையை முதலில் தொடுவது என்று முடிவெடுக்கவும் மட்டும் பயன்படுத்தினார்கள்.

மூன்று பேர் கூடிய அபாயம், ஆறு பேர் நடுத்தரம், இருவர் குறைவு. அந்த இருவரில் ஒருவர் ‘இ’: வயது 19, முதற்குற்றம், ஒரு கைப்பேசிக் களவு. தாயோடு இருக்கிறார், கூட்டாளிகள் யாரும் வழக்கில் இல்லை, போதைப் பழக்கம் இல்லை. ‘உ’ 38 வயது, ஓட்டோ ஓட்டுபவர், நான்கு முந்திய தண்டனைகள், பேச்சில் கெட்டிக்காரர், கூடிய அபாயம்.

குறைந்த அபாயமுள்ளவரைக் கூடிய அபாயமுள்ளவர்களோடு ஒரே குழுவில் வைத்தால் கெடுதல்தான் வரும் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கண்ட விடயம். ‘இ’ வெளியே நின்றிருக்க வேண்டியவர். இருந்தும் சேர்த்தார்கள். காரணம் இரண்டு. ‘இ’யின் கட்டளையில் உளவளத்துணை ஒரு நிபந்தனையாக இருந்தது, தனியாகச் சந்திக்க ஆள் இல்லை. மற்றது, குறைந்தது பத்துப் பேராவது இல்லாவிட்டால் இடையில் ஆட்கள் நிற்கும்போது குழு கலைந்துவிடும் என்ற பயம். இந்த முடிவைப் பற்றிக் கூட்டக் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “இளையவர், பழகிக்கொள்வார்.” பழகத்தான் செய்தார்.

முதல் நான்கு அமர்வுகள்

முதல் அமர்வு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. பதினொன்றரைக்குக் கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள் ஜும்ஆவுக்கு எழுந்தார்கள். இதை யோசிக்காமல் திருகோணமலையில் ஒரு கால அட்டவணை போட்டது வெட்கப்பட வேண்டிய பிழை. மூன்றாம் வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார்கள்.

நேரம் அதே பத்து மணிதான். இரவு வலை போட்டு விடியக் கரைக்கு வந்து, மீனை விற்றுவிட்டு நேரே மண்டபத்துக்கு வருபவர்கள் பதினொரு மணிக்குக் கண்ணயர்ந்தார்கள். பின்னேரம் வைத்தால் படகு போகும் நேரத்தோடு மோதும். ஆகவே நேரத்தைத் தொடாமல், முடிவில் கொடுத்த பிளேன்ரீயையும் பணிஸையும் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நாற்பது நிமிடம் எழுந்து நின்று செய்யும் பயிற்சி, பேச்சு அதற்குப் பிறகு. தூக்கம் விட்டது.

இரண்டாம் அமர்வில் நடந்தது இதைவிடப் பெரியது. கையெழுத்து வைப்பதற்கு மேசையில் கிடந்த தாளில், பெயருக்குப் பக்கத்தில் குற்றத்தின் பெயரும் இருந்தது. வந்த பட்டியலை அப்படியே போட்டோக்கொப்பி எடுத்ததன் விளைவு. ஒருவர் அதை வாசித்து, இன்னொருவரை அவருடைய குற்றத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். கதிரை இழுபட்டது, இருவர் மார்போடு மார்பு நின்றார்கள். நடத்துநர் இருவரில் பெண் நடத்துநர் இடையில் போய் நிற்கவில்லை. வெளியே போய் ஒரு ரீ குடித்துவிட்டு வரும்படி முழுக்குழுவையும் எழுப்பினார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது தாள் கிழிக்கப்பட்டு, பெயர் மட்டும் எழுதிய கொப்பி மேசையில் இருந்தது. பிழை எங்களுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். மறுவாரம் இருவர் வரவில்லை, பிறகு ஒருவர் திரும்பினார். மற்றவர் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். இதனால்தான் போனாரா என்பது தெரியாது.

இரகசியத்தின் எல்லையை அன்றைக்கே மறுபடியும் சொன்னார்கள். மேற்பார்வை அலுவலருக்குப் போவது மூன்று மட்டும்: வந்தாரா இல்லையா, தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தா, திட்டமிட்ட புதிய குற்றமா. மற்ற எதுவும் மண்டபத்தை விட்டு வெளியே போகாது. இப்படி எண்ணிச் சொன்ன பிறகுதான் பேச்சு கொஞ்சம் இளகியது.

நான்கு பேருக்கு எழுதுவது கஷ்டம். “சூழல், எண்ணம், உணர்வு, செயல்” என்று நான்கு நிரல் போட்ட வீட்டுவேலைத் தாள் மூன்று வாரம் வெறுமையாகவே வந்தது. அக்கறையில்லை என்று முதலில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தாளை நிறுத்தி, அன்றன்றைக்கு ஒரு நிமிட வட்ஸ்அப் குரல்பதிவு என்று மாற்றியதும் ஒன்பது பேரில் ஏழு பேரிடமிருந்து வந்தது. ஒருவரிடம் ஸ்மார்ட் போன் இல்லை; அவர் சட்டைப்பையில் தீக்குச்சி வைத்திருந்தார், கோபம் வந்து அடங்கிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குச்சியை முறித்து வந்து எண்ணிக் காட்டினார்.

மூச்சுப் பயிற்சிக்குக் கண்ணை மூடச் சொன்னபோது மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்து கதவருகே போய் நின்றார். 2006இல் ஊரைவிட்டு ஓடியபோது அவர் சிறுவன். நெருக்கிக் கேட்கவில்லை. கண் திறந்தபடி, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கும் பயிற்சியாக எல்லோருக்குமே மாற்றி, கதவையும் திறந்து வைத்தார்கள். போர்க்கால இழப்பு தன்னளவில் களவுக்குக் காரணமல்ல. ஆனால் அதைக் கணக்கில் எடுக்காத பயிற்சி அந்த ஆளிடம் போய்ச் சேராது. ஏற்புடைமை என்று புத்தகம் சொல்வது இங்கே இதைத்தான்.

நான்காம் அமர்வோடு இன்னொருவர் பழைய பிடியாணை ஒன்றில் விளக்கமறியலுக்குப் போனார். மிஞ்சியவர்கள் ஒன்பது பேர்.

சாட்டும் கயிறும்

கையேட்டில் “சிந்தனைத் திரிபு” என்று இருந்தது. ஒருவருக்கும் பிடிபடவில்லை. “சாட்டு” என்று சொன்னதும் சிரிப்பு வந்தது. அந்தச் சொல் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. சைக்ஸ், மாட்ஸா என்ற இரு சமூகவியலாளர்கள் 1957இல், குற்றம் செய்பவர் தன் மனச்சாட்சியை அமர்த்தும் வழிகள் ஐந்து என்று வகைப்படுத்தினார்கள். அந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதாமல், குழுவின் வாயிலிருந்தே எடுத்தார்கள். “வெறியில செய்தது, எனக்கு ஒண்டும் தெரியாது.” “முதலாளிக்கு ஒரு மோட்டர் போனா என்ன, இன்னொண்டு வாங்குவார்.” “அவன் எங்கட பங்கைத் திண்டவன், அவனுக்கு வேணும்.” “பொலிஸ்காரர் மட்டும் சுத்தமோ?” “கூட்டாளியைத் தனிய விடலாமோ?” ஐந்தும் வந்துவிட்டன. அதற்குப் பிறகு யாராவது கதை சொல்லும்போது மற்றவர் விரலால் எண்ணைக் காட்டுவது வழக்கமாயிற்று: இது மூன்றாம் சாட்டு, இது ஐந்து. நடத்துநர் பத்துத் தடவை சொல்வதைவிடப் பக்கத்துக் கதிரைக்காரர் காட்டும் ஒரு விரலுக்குப் பலன் கூட.

ஆறாம் அமர்வு ‘அ’ பற்றியது. வயது 26, படகில் பங்குக்குப் போகிறவர், வெளியிணைப்பு மோட்டர் களவில் ஒன்றும் ஐஸ் வைத்திருந்ததில் ஒன்றுமாக இரண்டு தண்டனைகள். நடத்துநர்கள் மேசையில் வலைக்கயிறு ஒரு பாகம் வைத்தார்கள். மோட்டர் களவு நடந்த நாளை எடுத்து, அந்த முடிவுவரை நடந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போடச் சொன்னார்கள். விரல் பழகிய வேலை; தாளில் அம்புக்குறி போடுவதைவிட வேகமாக வந்தது.

கடைசியிலிருந்து முடிச்சுகள் இப்படிப் போயின: நள்ளிரவில் கரை, அதற்கு முன் ஐஸ் இரண்டு இழுவை, அதற்கு முன் கூட்டாளியின் தொலைபேசி அழைப்பு, அதற்கு முன் தேநீர்க்கடையில் இருந்த நான்கு மணி நேரம், அதற்கு முன் பங்கு பிரிக்கும்போது எண்ணெய்க் காசைக் கழித்ததால் முதலாளியோடு வாக்குவாதம். ‘அ’ தொலைபேசி முடிச்சைப் பிடித்தார். “அவன் கோல் எடுத்ததாலதான் எல்லாம்.” முதலாம் சாட்டா ஐந்தாம் சாட்டா என்று ஒரு சின்னத் தகராறு. பிறகு கிண்ணியாக்காரர் ஒருவர் கயிற்றை வாங்கி, தேநீர்க்கடை முடிச்சைக் காட்டி, “நாலு மணித்தியாலம் ஏன் கடையில இருந்தாய்? வீட்ட போயிருக்கலாமே” என்று கேட்டார். ‘அ’ கொஞ்ச நேரம் பேசவில்லை. “அம்மாட்ட வெறுங்கையோட போக ஏலாது.”

அந்த முடிச்சு கயிற்றில் இல்லை. வாக்குவாதத்துக்கும் தேநீர்க்கடைக்கும் நடுவில் அதைப் போட இடம் வைத்து அவிழ்த்துக் கட்டினார். இறுகிய முடிச்சை அவிழ்ப்பது கஷ்டம், தளர்வாக இருக்கும் முந்திய முடிச்சை அவிழ்ப்பது சுலபம் என்பதைச் சொல்லத் தேவைப்படவில்லை. அவருடைய திட்டம் அங்கிருந்து எழுதப்பட்டது: காசு குறையும் நாளில் தாயை முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு, கரையில் நிற்கும்போதே “இண்டைக்கு இவ்வளவுதான்” என்று சொல்லிவிடுவது. பெரிய உளவியல் நுட்பம் ஒன்றும் இல்லைத்தான். ஆனால் அந்த நான்கு மணி நேரம் அதோடு இல்லாமல் போகிறது.

ஐஸ் ஆசைக்கு அலை என்ற உவமை கையேட்டிலேயே இருந்தது: ஆசை ஏறி, உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும், அதோடு சண்டை போடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் அதைத் திருத்தினார்கள். அலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் படகு கவிழும், அணியத்தை (படகின் முன்பக்கத்தை) அலைக்கு நேரே பிடிக்க வேண்டும் என்றார்கள். “நேரே பிடிப்பது” என்றால் என்ன என்று கேட்டு, அதை மூன்று செயலாக்கினார்கள்: இருந்த இடத்தைவிட்டு எழும்புவது, ஏதாவது சாப்பிடுவது, பெயர் குறித்த ஒருவருக்குக் கோல் எடுப்பது.

“பாப்பம்”

மறுத்துப் பேசும் பயிற்சி பத்தாம் அமர்வில். கையேடு சொல்வது: கண்ணைப் பார், “நான் இப்படி உணர்கிறேன்” என்று தொடங்கு, காரணத்தைச் சொல். ‘அ’ அப்படியே செய்து பார்த்தார். கூட்டாளி வேடம் போட்டவர் “பயந்திட்டியோ?” என்று கேட்டதும் நாற்பது விநாடியில் விழுந்துவிட்டார். “நான் உணர்கிறேன்” என்று கரையில் நின்று சொன்னால் சிரிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொருவரும் உண்மையில் எப்படி மறுக்கிறார்கள் என்று கேட்டபோது பெரும்பாலும் ஒரே சொல் வந்தது: “பாப்பம்.” மூத்தவருக்கோ மச்சானுக்கோ நேரே இல்லை என்பது மரியாதைக் குறைவு, “பாப்பம் மச்சான்” என்றால் வீட்டுக் கலியாணத்துக்கு வராமல் இருப்பதற்கு அது போதும். களவுக்குக் கூப்பிடுபவன் அதை ஆம் என்றுதான் எடுக்கிறான். இரவு பதினொரு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறான். இந்தச் சொல்லைத் தடைசெய்து பயிற்சி செய்தார்கள். விதிகள் நான்கு: ஆறு சொல்லுக்குள் மறு, காரணம் சொல்லாதே (காரணம் சொன்னால் அதற்குப் பதில் சொல்லிவிடுவான்), சொல்லும்போதே நடக்கத் தொடங்கு, திரும்பவும் கேட்டால் அதே வாக்கியத்தைச் சொல்.

பலருக்கு வந்த வாக்கியம் “ஏலாது, எனக்குத் தவணை இருக்கு” என்பது. அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் நீதிமன்றத் தவணையோடு எந்தக் கூட்டாளியும் வாதாடுவதில்லை. நடத்துநர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு இருந்தது. வேலை செய்கிறது, இருக்கட்டும் என்றார் ஒருவர். கட்டளைக் காலம் முடிந்தபின் இந்த வாக்கியமும் முடிந்துவிடும் என்றார் மற்றவர். இருவர் சொன்னதும் சரியாகவே போயிற்று.

குடும்பத்தாரை அழைத்த அமர்வுக்கு நான்கு வீட்டார்தான் வந்தார்கள். பஸ் காசு ஒரு காரணம். “கோட்டில் இருந்து கூப்பிடுகிறார்கள்” என்ற பயம் அதைவிடப் பெரியது. பிறகு வீடுகளுக்குப் போனார்கள், கோப்பு இல்லாமல், அயலுக்குத் தெரிந்த வாகனத்தில் ஏறாமல்.

‘இ’யின் விலகல்

‘இ’ முதல் ஐந்து வாரம் ஒரு நாளும் தவறவில்லை. ஐந்தாம் வாரம் இடைவேளையில் ‘உ’ அவருக்குத் தொலைபேசி இலக்கம் கொடுத்ததைப் பார்த்ததாக ஒரு நடத்துநரின் குறிப்பில் இருக்கிறது. எட்டாம் வாரத்தில் ‘உ’வின் ஓட்டோவில் வந்து இறங்கினார். தூரத்திலிருந்து வருபவர், பஸ் காசு மிச்சம், இதில் என்ன பிழை என்று விட்டார்கள். ஒன்பதாம் வாரத்தில் அவருடைய பேச்சு மாறியிருந்தது. “உள்ளுக்குப் போய் வந்தவனுக்குத்தான் மரியாதை” என்று சொன்னார். அது ‘உ’ சொல்லும் வாக்கியம். பத்தாம் வாரத்தோடு நின்றுவிட்டார்.

‘உ’ பதினாறில் பதினைந்துக்கு வந்தார். சாட்டுகளை எல்லோரையும்விட வேகமாக எண்ணினார், வேடப் பயிற்சியில் கூட்டாளியாக நடித்து மற்றவர்களைத் திணறடித்தார். நடத்துநர்கள் அவரைத் துணை நடத்துநர் போலப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். வாய் நன்றாக இருக்கும் ஆளைக் குழு நடத்துபவர்களுக்குப் பிடித்துவிடும், இது எங்கும் நடப்பது. அவருடைய குரல்பதிவுகளைப் பின்னர் ஒன்றாகக் கேட்டபோது, அத்தனையிலும் கோபப்பட்டது வேறு யாரோ, அடக்கியவர் இவர். தன் குற்றத்தைப் பற்றி ஒரு பதிவுகூட இல்லை.

செப்டெம்பர் இறுதியில், குழு முடிந்து இரண்டு வாரத்தில், இருவரும் ஒரே களவு வழக்கில் விளக்கமறியலுக்குப் போனார்கள். பொருள் ஏற்றியது ஓட்டோவில். ‘இ’யின் தாய் கேட்டது: “இந்த வகுப்புக்கு அனுப்பாம விட்டிருந்தா அவன் இவனைக் கண்டிருப்பானோ?” அதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான், அதைத்தான் சொன்னார்கள்.

முடிந்த பிறகு வந்த மாரி

கிழக்குக் கரையில் நவம்பரோடு கடல் கொந்தளிக்கும். வாடைக்காற்றும் மழையும் தை மாதம்வரை நிற்கும். சிறு படகுகள் பல நாள் கரையில் கிடக்கும். கடலுக்குப் போகிற ஆறு பேரில் குழுவை முடித்தவர்கள் நான்கு பேர். நால்வருக்கும் டிசெம்பரில் வருமானம் ஏறக்குறைய இல்லை, கடன் ஏறுகிறது, நாள் முழுக்க ஓய்வு. முதல் மதிப்பீட்டில் பார்த்த எட்டு விடயங்களில் தொழில், ஓய்வு நேரம், கூட்டாளிகள் மூன்றும் ஒரே மாதத்தில் கெடுகின்றன. மதிப்பீடு மே மாதத்தில் நடந்தது, மீன் பிடிபடும் காலத்தில். இதை யாரும் யோசிக்கவில்லை.

டிசெம்பர் நடுவில் ‘அ’ மீண்டும் ஐஸ் பாவித்தார். மூன்று நாள். காசு இல்லாமல் தாயிடம் போவதற்கு அவரிடம் திட்டம் இருந்தது, அதைச் செய்தும் இருந்தார். ஆனால் முப்பது நாளும் தொடர்ந்து “இண்டைக்கு ஒண்டுமில்லை” என்று சொல்வதற்குத் திட்டம் இல்லை. ஒரு தடவை தவறினால் “எல்லாம் போச்சு” என்ற எண்ணம் வந்து, அந்த எண்ணமே ஆளை முழுதாக இழுத்துவிடும் என்பது போதைக்குத் திரும்புவது பற்றி உளவியலாளர் மார்லட் எழுதிய பழைய பாடம். பதின்மூன்றாம் அமர்வில் இதைப் பேசியிருந்தார்கள். தவறினால் கூப்பிட என்று ஒரு இலக்கமும் கொடுத்திருந்தார்கள். நான்காம் நாள் கூப்பிட்டார். அந்த இலக்கம் நிகழ்ச்சிக்காக எடுத்தது, செப்டெம்பருக்குப் பிறகு மீள்நிரப்பாமல் அணைந்து கிடந்தது.

தப்பித்தது தற்செயலாக. குழுவில் இருந்த கிண்ணியாக்காரரின் இலக்கம் அவரிடம் இருந்தது. “நானா” (அண்ணா) என்று கூப்பிட்டுப் பேசினார். அவர் மறுநாள் வந்து தன் மைத்துனரின் மேசன் வேலைக்குக் கூட்டிப்போனார், மூன்று வாரத்துக்கு. கயிற்றை அன்று கேட்டவரும் இவர்தான். குழுவில் இலக்கம் பரிமாறியதால் ஒருவர் உள்ளே போனார், ஒருவர் தப்பினார். இலக்கம் பரிமாறுவதைத் தடைசெய்வதா அனுமதிப்பதா என்ற கேள்விக்கு இந்தக் குழு விடை தரவில்லை. யாரோடு யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

ஜனவரியில் ஆட்களை மீண்டும் தேடிப்பிடித்து, இரு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரச் சந்திப்பு தொடங்கினார்கள். மார்ச்வரை ஐந்து சந்திப்புகள், ஐந்தாறு பேர் வந்தார்கள். புதிதாக ஒன்றும் கற்பிக்கவில்லை. கடந்த இரண்டு வாரத்தில் எந்த முடிச்சு, அடுத்த இரண்டு வாரத்தில் எங்கே காசு, இவ்வளவுதான்.

மேற்பார்வைச் சந்திப்புகளிலும் ஒரு மாற்றம் செய்யக் கேட்டார்கள், அலுவலர் ஒருவர் சம்மதித்தார். கனடாவில் பொன்டாவும் பிறரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பார்வைச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, நேரத்தில் கணிசமான பங்கு நிபந்தனைகளைப் பற்றியே போவதும் குற்ற எண்ணங்களும் கூட்டாளிகளும் அபூர்வமாகவே பேசப்படுவதும் தெரிந்தது. இங்கேயும் கையெழுத்து, முகவரி, தவணைத் திகதி என்று ஐந்து நிமிடத்தில் முடிவதுதான் வழக்கம். அதை இருபது நிமிடமாக்கி, முதல் ஐந்து நிமிடம் நலமும் நெருக்கடியும், அடுத்த ஐந்து போன தடவைப் பயிற்சி, மிச்சம் ஒரே ஒரு சம்பவத்தின் கயிறு என்று பிரித்தார்கள். நாற்பது பேரைப் பார்க்கும் ஒருவரால் எல்லோருக்கும் இதைச் செய்ய முடியாது. கூடிய அபாயமுள்ளவர்களுக்கு மட்டும் செய்தார்.

பன்னிரண்டு மாதத்தின் பின்

பதின்மூன்று அமர்வுக்கு மேல் வந்து முடித்தவர்கள் ஏழு பேர். கடைசி அமர்விலிருந்து பன்னிரண்டு மாதத்தில் அவர்களில் புதிய வழக்கு வந்தது ஒருவருக்கு, அவர் ‘உ’. ‘அ’ உட்பட ஆறு பேருக்குப் புதிய வழக்கு இல்லை. முடிக்காத நால்வரில் ‘இ’க்கு வழக்கு, ஒருவருக்கு இல்லை, கொழும்புக்குப் போனவரையும் பிடியாணையில் போனவரையும் பின்தொடர முடியவில்லை.

ஏழுக்கு ஆறு என்று பதாகை எழுத இதில் ஒன்றும் இல்லை. ஒப்பிடக் குழு இல்லை. முடித்தவர்கள் ஏற்கெனவே முடிக்கக்கூடியவர்களாக இருந்திருக்கலாம். வழக்கு இல்லை என்பது குற்றம் இல்லை என்பதாகாது. லண்டன்பெர்கரும் லிப்சியும் 58 ஆய்வுகளைத் தொகுத்து, இவ்வகை நிகழ்ச்சிகள் மீள்குற்றத்தைச் சராசரியாகக் காற்பங்கு குறைக்கின்றன என்று 2005இல் காட்டினார்கள். அதே தொகுப்பு, கையேட்டின் பெயர் முக்கியமல்ல, ஆளின் அபாயமும் நடத்தும் தரமும்தான் முக்கியம் என்றும் சொன்னது. சிறைக்குள் நடந்த 29 எழுமாற்றுச் சோதனைகளைத் தொகுத்த லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழின் 2021ஆம் ஆண்டு ஆய்வில், சிறிய சோதனைகளை ஒதுக்கியதும் பலன் உறுதியில்லாமல் போயிற்று; வெளியே வந்தபின் தொடர்வதன் அவசியத்தை அதை எழுதியவர்கள் அழுத்திச் சொன்னார்கள். டிசெம்பரில் அணைந்து கிடந்த தொலைபேசியைப் பார்த்தவருக்கு அது புதிய செய்தியல்ல.

மாற்றப்பட்டவை

புதிய குழு ஓகஸ்டில் தொடங்குகிறது, மாரி முழுவதும் நடந்து பெப்ரவரியில் முடிகிறது. பிறகு ஆறு மாதத்துக்கு, மாதம் ஒரு சந்திப்பு. வாரத்துக்கு இரண்டு அமர்வு. முன்னைய 32 மணி நேரத்தைவிட அது நன்றாகவே கூட. மதிப்பீட்டைத் தொழில் உள்ள மாதத்துக்கு ஒன்று, இல்லாத மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு நிரலில் எழுதுகிறார்கள்.

காசைப் பற்றி இன்னும் முடிவில்லை. லைபீரியாவின் மொன்ரோவியாவில் 999 ஆண்களோடு நடந்த, 2017இல் வெளியான ஆய்வில், எட்டு வார உளவியல் பயிற்சியும் 200 டொலர் உதவியும் சேர்ந்து கிடைத்தவர்களிடம்தான் மாற்றம் நின்று பிடித்தது. இங்கே கையில் காசு கொடுக்க வழியில்லை. மாரிக்கு முன்பே மூன்று மேசன்மாரோடும் ஒரு வலை தைக்கும் இடத்தோடும் பேசி, மாதத்துக்குப் பத்து நாள் வேலை என்று எழுத்தில் வாங்கியிருக்கிறார்கள். வேலை கொடுப்பவருக்கு வழக்கு விவரம் சொல்வதா என்பதை ஆளே முடிவெடுக்கிறார். இருவர் சொன்னார்கள், ஒருவர் சொல்லவில்லை.

கையெழுத்துக் கொப்பியில் பெயரும் திகதியும் மட்டும். உதவி இலக்கம் ஒரு நிலையான இணைப்புக்கு மாற்றப்பட்டது, மாதக் கட்டணம் ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. பேச்சில் கெட்டியானவருடைய குரல்பதிவுகளை நான்கு வாரத்துக்கு ஒருமுறை நடத்துநர் அல்லாத ஒருவர் கேட்கிறார். கேட்பது ஒரே கேள்விக்காக: இதில் இவருடைய சொந்தக் குற்றம் எங்கே?

இப்போதைய குழுவில் எட்டுப் பேர். குறைந்த அபாயமுள்ளவர் யாரும் இல்லை. ஜூலையில் 20 வயதுப் பெடியன் ஒருவர், முதற்குற்றம், உளவளத்துணை நிபந்தனையோடு வந்தார். அவரைக் குழுவில் சேர்க்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒருவர் தனியாகச் சந்திக்கிறார், குழு இல்லாத நாளில், குழு கூடும் மண்டபத்தில் அல்ல.